கண் ஸ்கேன் வழியே மண்டையோட்டின் உள்அழுத்தத்தை அறிவது எப்படி?

"அழுத்தம்" என்ற ஒரே சொல் தமிழில் மருத்துவத்தின் மூன்று வெவ்வேறு செய்திகளைச் சுமக்கிறது. கையில் பட்டை கட்டி அளப்பது இரத்த அழுத்தம். கண் மருத்துவர் விழியின் முன்புறத்தில் அளப்பது கண்ணின் நீர் அழுத்தம். அது நீண்டகாலம் மிகுந்திருந்தால் க்ளாக்கோமா என்னும் பார்வை இழப்பு நோய் வரலாம். இந்தக் கட்டுரை பேசுவது மூன்றாவதைப் பற்றி, அதாவது மண்டையோட்டுக்குள் மூளையைச் சூழ்ந்திருக்கும் அழுத்தத்தைப் பற்றி. "கண்ணில் ஸ்கேன் செய்து பார்த்தோம், தலைக்குள் அழுத்தம் கூடியிருப்பதுபோல் தெரிகிறது" என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மருத்துவர் சொன்னால், கேட்பவர் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வது இயல்பு. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கண்ணைப் பார்த்து மூளையைப் பற்றி எப்படிச் சொல்ல முடிகிறது, சொன்னதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

மூடிய பெட்டி

வளர்ந்த மனிதரின் மண்டையோடு விரியாத எலும்புப் பெட்டி. அதனுள் மூளைத் திசு, இரத்தம், மூளைத் தண்டுவடத் திரவம் என்று மூன்று பொருள்கள் மட்டுமே உள்ளன. கொள்ளளவில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பங்கு மூளை. எஞ்சியதை இரத்தமும் திரவமும் பகிர்ந்துகொள்கின்றன. நீர்போலத் தெளிந்த அந்தத் திரவம் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி மொத்தம் சுமார் 150 மில்லிலிட்டர் இருக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் சுரப்பதால், பழையது இரத்தத்தில் உறிஞ்சப்பட்டு ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் அது புதுப்பிக்கப்படுகிறது.

பெட்டி விரியாது என்பதால், உள்ளே இருக்கும் மூன்றில் ஒன்று கூடினால் மற்ற இரண்டில் ஏதேனும் குறைந்தாக வேண்டும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் மன்ரோ 1783-லும், ஜார்ஜ் கெல்லி 1824-லும் வகுத்த இந்தக் கருத்து இன்றும் அவர்கள் இருவர் பெயராலேயே மன்ரோ – கெல்லி கோட்பாடு என்று வழங்குகிறது. அடிபட்ட தலைக்குள் இரத்தம் கசியத் தொடங்கும்போது, முதலில் திரவம் தண்டுவடப் பக்கம் ஒதுங்கியும், சிரை இரத்தம் கழுத்து வழியே வெளியேறியும் இடம் விட்டுக் கொடுக்கின்றன. அதுவரை அழுத்தம் பெரிதாக ஏறுவதில்லை. நோயாளி பேசிக்கொண்டுகூட இருக்கலாம். விட்டுக்கொடுக்க இனி இடமில்லை என்ற நிலை வந்த பிறகு, இன்னும் சில மில்லிலிட்டர் இரத்தம் சேர்ந்தாலே அழுத்தம் செங்குத்தாக எகிறுகிறது. தலைக்காயத்தில் "நன்றாகத்தான் இருந்தார், திடீரென்று மயங்கிவிட்டார்" என்று உறவினர்கள் சொல்வதற்குப் பின்னால் பல நேரங்களில் இருப்பது இதுதான்.

பெரியவர் ஒருவர் படுத்திருக்கும்போது இந்த அழுத்தம் வழக்கமாக 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். தலைக்காய நோயாளிகளுக்கு அது 22-ஐத் தாண்டினால் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று அமெரிக்காவின் மூளைக்காய அறக்கட்டளை 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பது ஒரு சிறிய கணக்கில் விளங்கிவிடும். மூளைக்குள் இரத்தத்தைத் தள்ளும் விசை என்பது, தமனியின் சராசரி இரத்த அழுத்தத்திலிருந்து மண்டையோட்டின் உள்அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பது. சராசரி இரத்த அழுத்தம் 90, உள்அழுத்தம் 10 என்றால் தள்ளுவிசை 80. உள்அழுத்தம் 40-க்கு ஏறினால் அதே இரத்த அழுத்தத்தில் தள்ளுவிசை 50 ஆகச் சரிகிறது. தலைக்காயத்தில் காக்க வேண்டியதாகக் கருதப்படும் 60 – 70 என்ற அளவுக்கும் கீழே. இரத்தம் குறைந்த மூளை வீங்குகிறது. வீங்கிய மூளை அழுத்தத்தை இன்னும் கூட்டுகிறது. கடைசியில் மூளையின் அடிப்பகுதி, மண்டையோட்டின் கீழே தண்டுவடம் இறங்கும் துளையை நோக்கிப் பிதுங்கும்போது, மூச்சையும் இதயத்துடிப்பையும் ஆளும் இடம் நசுங்குகிறது.

நேரடியாக அளந்தால் என்ன?

அளக்கலாம்; அளக்கவும் செய்கிறார்கள். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மூளையின் நடுவிலுள்ள திரவ அறைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அதில் அழுத்தத்தைப் பதிவு செய்வதே இன்றளவும் அளவுகோலாகக் கொள்ளப்படும் முறை. பிரான்சில் கியோமும் ஜானியும் 1951-இல் இதைச் செய்தார்கள். ஸ்வீடனின் நில்ஸ் லுண்ட்பெர்க் 1960-இல் வெளியிட்ட விரிவான பதிவுகளுக்குப் பிறகே அது மருத்துவமனைகளில் நிலைபெற்றது. மூளைத் திசுவுக்குள் உணரி பொருத்திய நுண்கம்பியைச் செருகும் முறையும் உண்டு. இரண்டிலும் அழுத்தம் நொடிக்கு நொடி திரையில் ஓடும். ஆனால் இரண்டுக்கும் நரம்பியல் அறுவை மருத்துவர் வேண்டும், கிருமித் தொற்றும் இரத்தக்கசிவும் ஏற்படும் ஆபத்து உண்டு, கல்லீரல் செயலிழந்து இரத்தம் உறையாமல் இருப்பவரின் தலையில் துளையிடத் துணிவதும் கடினம். முதுகில் ஊசி போட்டு அழுத்தம் பார்ப்பது இன்னொரு வழி; மூளையில் கட்டியோ பெரிய இரத்தக்கசிவோ இருக்கும்போது அதைச் செய்தால், கீழே திரவம் குறைந்து மூளை பிதுங்கும் ஆபத்து இருப்பதால், முன்யோசனை இன்றி அதில் இறங்க முடியாது.

துளையிடாமல் தெரிந்துகொள்ள நோயாளியின் அறிகுறிகளையும் சி.டி. ஸ்கேனையும் பார்ப்பார்கள். தலைவலி, வாந்தி, மயக்கம் ஆகியவை பல நோய்களுக்குப் பொதுவானவை. இரத்த அழுத்தம் ஏறி, நாடி குறைந்து, மூச்சு தாறுமாறாகும் மூன்றும் சேர்ந்து தோன்றுவது அழுத்தம் மிகுந்ததன் தெளிவான அடையாளம்தான். ஆனால் அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங்கின் பெயரால் வழங்கும் அந்த அடையாளம் வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். சி.டி. ஸ்கேன் மூளையின் வடிவத்தைக் காட்டுமே தவிர, அழுத்தத்தை அளப்பதில்லை, முதல் சி.டி. இயல்பாக இருந்த சிலருக்கும் பின்னர் அழுத்தம் ஏறியதுண்டு. அதோடு, வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை ஸ்கேன் அறைக்கு உருட்டிச் செல்வதே ஒரு சோதனை. படுக்கையருகே, சில நிமிடங்களில், துளையின்றிப் பார்க்க ஒரு வழி இருந்தால் நல்லது என்ற தேவை இங்கிருந்துதான் எழுகிறது.

பார்வை நரம்பு மூளையின் நீட்சி

கையிலோ காலிலோ ஓடும் நரம்பைப் போன்றதல்ல பார்வை நரம்பு. அது கருவில் மூளையிலிருந்தே வெளிப்புறமாக வளர்ந்து உருவான பகுதி. பெயரளவில் நரம்பு, அமைப்பில் மூளையின் ஒரு கிளை. ஆகவே மூளையைப் போர்த்தியிருக்கும் மூன்று சவ்வுகளும் அதையும் போர்த்திக்கொண்டே கண்கோளம் வரை வருகின்றன. வெளிச்சவ்வு கண்ணின் வெண்படலத்தோடு ஒன்றிவிடுகிறது. சவ்வுகளுக்கு இடையே மூளையைச் சுற்றி ஓடும் அதே திரவம் நரம்பைச் சுற்றியும் நிற்கிறது. இது ஒரு முட்டுச்சந்து: தலைக்குள்ளிருந்து வரும் பாதை கண்ணின் பின்புறத்தில் அடைபட்டு முடிகிறது. தலைக்குள் அழுத்தம் கூடும்போது திரவம் இந்த முட்டுச்சந்துக்குள்ளும் தள்ளப்படுகிறது. மேலே போக வழியில்லாததால், நரம்பைப் போர்த்திய சவ்வுகளாலான உறை பக்கவாட்டில் புடைக்கிறது.

கண் வழியே மூளையின் அழுத்தத்தை ஊகிக்கும் எண்ணம் புதியதல்ல. ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் விழித்திரையைப் பார்க்கும் கருவியை உருவாக்கிய பிறகு, தலைக்குள் கட்டி உள்ளவர்களின் கண்ணில் பார்வை நரம்பின் முனை வீங்கியிருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். அந்த வீக்கத்துக்குக் காரணம் உறைக்குள் கடத்தப்படும் திரவ அழுத்தமே என்பதை உறுதிப்படுத்தியவர்களில் முதன்மையானவர் பஞ்சாபில் பிறந்த சோஹன் சிங் ஹேரே. குரங்குகளின் மண்டையோட்டுக்குள் சிறு பலூனை விரித்து அழுத்தத்தைக் கூட்டி, ஒரு பக்க நரம்பின் உறையை மட்டும் திறந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் வீக்கம் வராமல் போவதை அவர் 1960-களில் காட்டினார். ஆனால் நரம்பு முனை வீங்கப் பல மணி நேரமோ சில நாட்களோ ஆகும். நரம்பிழைகளுக்குள் ஓடும் பொருள்கள் தேங்கினால்தான் அந்த வீக்கம் வெளியே தெரியும். உறை புடைப்பதோ திரவம் நிரம்பும் வேகத்தில், நிமிடங்களில் நடந்துவிடுகிறது. விழித்திரையைப் பார்ப்பதைவிட உறையை அளப்பதில் உள்ள பெரிய ஆதாயம் இதுவே.

உறையை எந்த இடத்தில் அளப்பது? உறை எல்லா இடத்திலும் ஒரே அளவில் புடைப்பதில்லை. கண்கோளத்தை ஒட்டிய சில மில்லிமீட்டர் தூரத்தில் சவ்வுகளை ஒன்றோடொன்று இழுத்துக் கட்டும் நார்கள் குறைவு. அங்கே உறை எளிதில் விரிகிறது. இறந்தோரின் கண் நரம்புகளில் உறைக்குள் திரவம் செலுத்தியும், பின்னர் நோயாளிகளிடமும் இதை ஆராய்ந்த ஜெர்மானிய மருத்துவர்கள் ஹான்சனும் ஹெல்ம்கேவும் 1996-இலும் 1997-இலும் வெளியிட்ட கட்டுரைகளே இன்றைய முறைக்கு அடித்தளம். கண்கோளத்துக்குப் பின்னால் 3 மில்லிமீட்டரில் அளப்பது என்ற வழக்கம் அவர்களிடமிருந்து நிலைத்தது. 1997-ஆம் ஆண்டு ஆய்வில், முதுகு வழியே திரவம் செலுத்திப் பரிசோதிக்கப்பட்ட நோயாளிகளிடம் அழுத்தம் ஏற ஏற உறை விரிவதை அவர்கள் அல்ட்ராசவுண்டில் நேராகக் கண்டார்கள். அதே ஆய்வு ஒரு எச்சரிக்கையையும் தந்தது: அழுத்தமும் விரிவும் ஒரு குறிப்பிட்ட இடைவெளிக்குள் மட்டுமே சீராக இணைந்து ஏறுகின்றன, அந்த இடைவெளி ஆளுக்கு ஆள் மாறுகிறது. இந்த எச்சரிக்கையைக் கட்டுரையின் பிற்பகுதியில் திரும்பவும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஸ்கேன் எப்படி நடக்கிறது?

வயிற்று ஸ்கேனுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. காதுக்குக் கேட்காத ஒலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். கண் மேலோட்டமான உறுப்பு என்பதால், ஆழத்துக்குச் செல்லும் வயிற்று ப்ரோபுக்குப் (ஒலியை அனுப்பி வாங்கும் கைக்கருவி) பதிலாக, நொடிக்கு 75 லட்சம் முதல் ஒரு கோடி அல்லது அதற்கும் மேற்பட்ட அதிர்வுகள் கொண்ட தட்டையான முகமுள்ள ப்ரோபைப் பயன்படுத்துகிறார்கள். தைராய்டையும் கழுத்து இரத்தக்குழாயையும் பார்க்கும் அதே ப்ரோப்தான். கண்ணுக்கு அல்ட்ராசவுண்ட் பயன்படுத்துவதும் புதிதல்ல. 1956-இல் முன்ட், ஹியூஸ் ஆகிய இருவர் கண்ணில் எதிரொலியை அளந்தார்கள், 1958-இல் பாமும் கிரீன்வுட்டும் கண்ணின் குறுக்குவெட்டுப் படத்தையே எடுத்தார்கள்.

நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். தலைப்பக்கம் சற்று உயர்த்தப்பட்டிருக்கும். கண் மூடியிருக்க வேண்டும். இமைமேல் ஒளி ஊடுருவும் மெல்லிய ஒட்டுத்தாளை ஒட்டி, அதன்மேல் ஜெல்லைத் தாராளமாக வைத்து, அந்த ஜெல் படுகையின் மேல் ப்ரோபை மிதக்க விடுவதுபோல் வைப்பார்கள். கை, நோயாளியின் நெற்றியிலோ மூக்குத்தண்டிலோ ஊன்றியிருக்க வேண்டும். ப்ரோபின் எடை கண்மேல் இறங்கக் கூடாது. விழியை அழுத்துவது வலிக்கும் என்பது மட்டுமல்ல, நாடி குறையவும் காரணமாகலாம். கண்கோளமே கிழிந்திருக்கலாம் என்ற ஐயம் உள்ள காயத்தில் இந்தச் சோதனையை அறவே செய்யக் கூடாது.

இன்னொரு பாதுகாப்பு, கருவியின் அமைப்பில் இருக்கிறது. ஒலியின் ஆற்றல் விழிவில்லையையும் விழித்திரையையும் சூடாக்காமல் இருக்க, கண்ணுக்கான வரம்புகள் உடலின் மற்றப் பகுதிகளைவிடப் பல மடங்கு கடுமையானவை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கண்ணுக்கு அனுமதிக்கும் ஒலிச்செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 50 மில்லிவாட். மற்ற உறுப்புகளுக்கு அது 720 வரை. எனவே ப்ரோபை எடுப்பதற்கு முன், கருவியில் கண்ணுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுப்பதும், வேலை முடிந்ததும் எடுத்துவிடுவதும் ஒழுங்கின் பகுதி. அவசரத்தில் மறக்கப்படக்கூடிய படி இது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

திரையில் கண்கோளம் கறுப்பு வட்டமாகத் தெரியும். திரவத்தில் எதிரொலி எழாததே காரணம். முன்புறம் விழிவில்லையின் வளைவு. வட்டத்தின் பின்சுவரிலிருந்து பின்னோக்கி, வெளிறிய கொழுப்புக்கு நடுவே, கருமையான பட்டை ஒன்று ஓடும். அது பார்வை நரம்பு. அதன் இரு ஓரங்களிலும் உறை. பின்சுவரிலிருந்து 3 மில்லிமீட்டர் நேர்கோட்டில் இறங்கி, அந்த இடத்தில் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, உறையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அளக்கிறார்கள். ஒவ்வொரு கண்ணிலும் ப்ரோபைக் கிடையாகவும் நெடுக்காகவும் வைத்து இரண்டு முறை அளந்து, இரு கண்களின் சராசரியை எடுப்பது வழக்கம். பழகிய கைக்கு எல்லாம் சேர்ந்து சில நிமிடங்கள்.

கேட்க எளிமையாக இருக்கும் இந்த அளவீட்டில் ஒரு உண்மையான இடர் உண்டு. பயிற்சி பெறாத கை தவறுவது பெரும்பாலும் இங்கேதான். சுவரை நோக்கி நேராக எறிந்த பந்து திரும்பிவரும். சுவரை ஒட்டி எறிந்த பந்து போய்க்கொண்டே இருக்கும். அல்ட்ராசவுண்டிலும் அப்படியே, ஒலி செல்லும் திசைக்குக் குறுக்கே நிற்கும் பரப்பு தெளிவாகத் தெரியும், இணையாக ஓடும் பரப்பு மங்கும். நரம்பின் உறைச் சுவர்கள் ஒலி செல்லும் திசைக்கு ஏறக்குறைய இணையாக ஓடுகின்றன. அதாவது நாம் அளக்க விரும்புவது, கருவி மிகக் குறைந்த துல்லியத்தோடு காட்டும் திசையில் இருக்கிறது. போதாக்குறைக்கு, விழிவில்லையின் ஓரம் ஒலியைத் தடுத்து வீழ்த்தும் நிழல் பின்னால் கறுப்புப் பட்டையாக விழுந்து, நரம்பைப் போலவே தோற்றமளிக்கும். ப்ரோபை இமையின் வெளிஓரத்துக்குச் சற்று நகர்த்தி, வில்லையைத் தவிர்த்துப் பார்த்தால் இந்த ஏமாற்றத்தைக் குறைக்கலாம். இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளர் வசதியைப் போட்டு நரம்புக்குள் ஓடும் விழித்திரை இரத்தக்குழாயை அடையாளம் கண்டால், பார்ப்பது நரம்பா நிழலா என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும்.

ஐந்து மில்லிமீட்டர் என்ற எண்

அவசர சிகிச்சை மருத்துவர்களிடையே இந்த முறையைப் பரப்பியதில் அமெரிக்காவின் மைக்கேல் பிளைவாஸும் உடன்பணியாற்றியவர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. 35 நோயாளிகளிடம் உறையை அளந்து, 5 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் அழுத்தம் மிகுதி என்ற எல்லைக்கோட்டை சி.டி. ஸ்கேனோடு ஒப்பிட்டார்கள். பெரியவர்களுக்கு 5 மில்லிமீட்டர், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 4.5, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 4 என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரப்படுவது அந்தக் காலத்தின் எண்கள். அதன் பிறகு, தலையில் கருவி பொருத்தி நேரடியாக அளந்த அழுத்தத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகள் வந்தன. அவை ஒரே எண்ணில் வந்து நிற்கவில்லை, ஒன்று 4.8 என்கிறது, மற்றொன்று 5.9-ஐ நெருங்குகிறது, இன்னும் சில 6-ஐத் தாண்டுகின்றன.

இந்த வேறுபாட்டைக் கண்டு முறையே பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை, காரணங்கள் விளங்கக்கூடியவை. சிலர் உறையின் உள்ஓரத்திலிருந்து அளந்தார்கள், சிலர் வெளிஓரத்திலிருந்து. சவ்வின் தடிமன் கூடினாலும் குறைந்தாலும் அரை மில்லிமீட்டர் எளிதில் மாறிவிடும். மனிதர்களின் கண் அளவும் ஒன்றல்ல. பெரிய கண்ணுக்குப் பெரிய உறை இயல்பே. அதனால் உறையின் அகலத்தைக் கண்கோளத்தின் குறுக்களவால் வகுத்து, அந்த விகிதத்தைப் பார்ப்பது மேல் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் எனக்கு நியாயமாகவே படுகிறது. இவை எல்லாவற்றோடும், ஒரே கண்ணை இருவர் அளந்தால் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை வேறுபடுவது வழக்கம். 4.9 என்பதற்கும் 5.1 என்பதற்கும் இடையே நோயாளியின் விதி மாறுவதாக எண்ணுவது, கருவியால் தர முடியாத துல்லியத்தை அதனிடம் கேட்பது.

2019-இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு 71 ஆய்வுகளையும் 4,551 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. தலைக்காய நோயாளிகளில் அழுத்தம் உண்மையில் கூடியிருந்தவர்களில் 97 விழுக்காட்டினரை இந்தச் சோதனை சரியாகக் கண்டது. கூடாதவர்களில் 86 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. காயமல்லாத காரணங்களில் அவை முறையே 92, 86. இந்த விழுக்காடுகள் நடைமுறையில் என்ன பொருள் தருகின்றன என்று பார்க்க, 100 தலைக்காய நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 20 பேருக்கு அழுத்தம் உண்மையில் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை அந்த 20 பேரில் 19 பேரைப் பிடித்துவிடும், ஒருவர் தப்பலாம். அழுத்தம் கூடாத 80 பேரில் 11 பேருக்கும் "கூடியிருக்கிறது" என்றே முடிவு வரும். ஆக, உறை விரிந்ததாகச் சொல்லப்பட்ட 30 பேரில் 11 பேருக்கு அழுத்தம் இயல்பாகவே இருக்கிறது. உறை விரியவில்லை என்று சொல்லப்பட்ட 70 பேரிலோ ஏறக்குறைய அனைவரும் உண்மையிலேயே நலம். இந்தச் சோதனை ஆபத்து இல்லை என்று சொல்லும்போது அதிக நம்பகத்தன்மை உடையது. ஆபத்து உண்டு என்று சொல்லும்போது மேலும் சரிபார்க்கத் தூண்டுவது. ஆனாலும் அந்தத் தப்பிப்போன ஒருவரை மறக்கக் கூடாது: மயக்கம் கூடிக்கொண்டே போகும் நோயாளியை, உறை 4.6 மில்லிமீட்டர்தான் என்று காட்டி வீட்டுக்கு அனுப்ப எந்த விழுக்காடும் அனுமதி தருவதில்லை.

அளப்பது அழுத்தத்தை அல்ல

இந்தக் கட்டுரையில் ஒன்றையே நினைவில் கொள்வதென்றால் இதைக் கொள்ளுங்கள்: இந்த ஸ்கேன் அழுத்தத்தை அளப்பதில்லை, அழுத்தம் விரித்த ஒரு உறையின் அகலத்தை அளக்கிறது. மில்லிமீட்டரிலிருந்து பாதரச மில்லிமீட்டருக்கு மாற்றித் தரும் நம்பகமான அட்டவணை ஏதும் கிடையாது. உறை விரிய வேறு காரணங்களும் உள்ளன. பார்வை நரம்பின் அழற்சி, உறையிலேயே வளரும் கட்டி, தைராய்டு கோளாறால் கண்குழியில் ஏற்படும் வீக்கம், கண்குழியிலேயே பட்ட அடி ஆகியவற்றில் தலைக்குள் அழுத்தம் கூடாமலேயே உறை அகன்று தெரியலாம். ஒரு பக்கம் மட்டும் அகன்றிருந்தால் இவற்றை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். நினைவோடு இருப்பவரிடம் ஒரு எளிய உத்தி உதவும்: கண்ணை 30 பாகை பக்கவாட்டில் திருப்பச் சொன்னால் நரம்பு இழுபட்டு, உறைக்குள் தேங்கிய திரவம் நீளவாக்கில் பரவி, அகலம் குறையும், அகலத்துக்குக் காரணம் கட்டி என்றால் குறையாது. கார்ல் ஓசோய்னிக் என்ற கண் மருத்துவர் வகுத்த சோதனை இது.

எதிர்மாறாக, அழுத்தம் கூடியும் உறை விரியாதவர்களும் உண்டு. கண்குழிக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே நரம்பு கடக்கும் எலும்புக் கால்வாய் சிலருக்கு மிகக் குறுகலாக இருப்பதால் திரவம் தாராளமாக வந்து சேர்வதில்லை. நெடுநாள் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கிய உறை, அழுத்தம் தணிந்த பிறகும் பழைய அளவுக்கு உடனே சுருங்காமல் தளர்ந்தே நிற்கவும் கூடும். அப்போது சிகிச்சை பயன் தந்ததா என்பதை உறையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

உறையும் அழுத்தமும் ஒன்றல்ல என்பதற்கு விண்வெளியிலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஏறக்குறைய ஆறு மாதம் தங்கித் திரும்பிய ஏழு வீரர்களைப் பற்றி 2011-இல் வெளியான கட்டுரை, அவர்களில் ஐவருக்குப் பார்வை நரம்பு முனை வீங்கியிருந்ததைச் சொன்னது. நிலையத்தில் உள்ள அல்ட்ராசவுண்ட் கருவியால் வீரர்களே ஒருவர் கண்ணை ஒருவர் ஸ்கேன் செய்கிறார்கள். உறை அகன்றதாகவும் பதிவுகள் உண்டு. மண்டையோட்டின் அழுத்தம் அங்கே மிகவும் ஏறிவிடுகிறது என்றே முதலில் கருதப்பட்டது. ஆனால் தலையில் ஏற்கெனவே அளவீட்டு வழி பொருத்தப்பட்டிருந்த தன்னார்வலர்களை எடையின்மை தரும் விமானத்தில் ஏற்றி அளந்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், எடையின்மையில் அழுத்தம் பூமியில் படுத்திருக்கும் அளவைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. எழுந்து நிற்கும்போது பூமியில் நாள்தோறும் கிடைக்கும் ஓய்வு அங்கே கிடைப்பதில்லை என்பதே சிக்கலாக இருக்கலாம். மிதமான அழுத்தமும் இடைவிடாது தொடர்ந்தால் உறையையும் நரம்பையும் மாற்றிவிடக் கூடும் என்பது இதிலிருந்து எழும் கேள்வி.

எங்கே உண்மையில் உதவுகிறது?

தலையில் கருவி பொருத்த முடிந்த மருத்துவமனையில், பொருத்த வேண்டிய நோயாளிக்கு, இந்த ஸ்கேன் அதற்கு மாற்றல்ல. பொருத்த முடியாத, பொருத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டிய, அல்லது அந்த வசதியே இல்லாத இடங்களில்தான் இதன் பயன் தெரிகிறது. நரம்பியல் அறுவை மருத்துவர் இல்லாத ஊரில், இருசக்கர வாகன விபத்தில் அடிபட்டு வந்தவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் வரிசையில் யாரை முதலில் அனுப்புவது என்று முடிவு செய்ய இது ஒரு கூடுதல் தடயம். உறை தெளிவாக விரிந்திருந்தால், தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்துவது, கழுத்து ஒருபுறம் மடங்கிச் சிரைகள் அடைபடாமல் நேராக வைப்பது, மருத்துவர் முடிவின்படி மூளை வீக்கத்தைக் குறைக்கும் மானிடால் மருந்து அல்லது அடர் உப்புக் கரைசல் செலுத்துவது ஆகியவற்றைத் தாமதிக்காமல் தொடங்க அது துணிவு தரும்.

கல்லீரல் திடீரெனச் செயலிழந்தவர்கள், கர்ப்பகால வலிப்பு நோயின் விளிம்பில் இருக்கும் தாய்மார்கள், மூளைத் திரவத்தை வயிற்றுக்கு வடிக்கும் குழாய் பொருத்தப்பட்ட குழந்தைகள் ஆகியோரிடமும் இந்த ஸ்கேன் பயன்படுகிறது. கடைசியில் சொன்ன குழந்தைகளைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டதோ என்ற ஐயத்தில் அவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே மீண்டும் மீண்டும் சி.டி. எடுக்கப்படுகிறது; ஒவ்வொன்றும் வளரும் மூளைக்குக் கதிர்வீச்சு. குழந்தை நலமாக இருக்கும்போதே உறையின் அளவை எழுதி வைத்திருந்தால், பின்னர் வாந்தியும் தலைவலியுமாக வரும் நாளில் அதோடு ஒப்பிடலாம். யாரோ ஆயிரம் பேரின் சராசரியோடு ஒப்பிடுவதைவிட, அந்தக் குழந்தையின் நேற்றைய அளவோடு ஒப்பிடுவது நம்பகமானது. பெரியவர்களுக்கும் இதே விதிதான்: தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரே, ஒரே முறையில், சில மணி நேர இடைவெளியில் அளந்து, 4.7, 5.2, 5.8 என்று ஏறிப்போகும் வரிசை, ஒற்றை அளவைவிட அதிகம் பேசுகிறது.

மலையேறுவோரிடமும் இது சோதிக்கப்பட்டிருக்கிறது. நேபாளத்தில் 4,200 மீட்டருக்கு மேல் உள்ள பெரிச்சே சிற்றூரில், உயர நோய் கண்டவர்களின் உறை, நோய் இல்லாதவர்களைவிட அகன்றிருந்ததாக 2009-இல் ஒரு குழு எழுதியது.

நேரடி அளவீடு இல்லாத இடங்களில் நோயாளிகளைக் கவனிக்க முடியுமா என்ற கேள்விக்கு, கண் ஸ்கேனுக்கு வெளியிலிருந்து ஒரு முக்கியமான பதில் உண்டு. பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் 324 கடும் தலைக்காய நோயாளிகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், தலையில் கருவி பொருத்தி 20-க்குக் கீழே அழுத்தத்தைக் காத்த குழுவும், கருவியின்றி நோயாளியை அடிக்கடி பரிசோதித்தும் சி.டி. பார்த்தும் சிகிச்சை தந்த குழுவும் ஏறக்குறைய ஒரே பலனையே பெற்றன. கருவி தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. ஒழுங்காக, திரும்பத் திரும்பச் செய்யப்படும் பரிசோதனைக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதையே அது காட்டியது. கண் ஸ்கேன் சேர வேண்டிய இடமும் அந்தப் பரிசோதனைகளின் வரிசையில்தான்.

இந்தியாவில் இதற்கு ஒரு நடைமுறைத் தடை உண்டு. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்க 1994-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அல்ட்ராசவுண்ட் கருவிகள் பதிவு செய்யப்பட வேண்டும். எடுத்துச் செல்லக்கூடிய சிறு கருவிகளைப் பதிவு செய்த இடத்துக்கு வெளியே கொண்டுபோகவும் கட்டுப்பாடுகள் உள்ளன. பெண் குழந்தைகளைக் காக்க வந்த அந்தச் சட்டத்தின் தேவையை யாரும் மறுக்க முடியாது. ஆம்புலன்ஸிலும் சிற்றூர் மருத்துவமனையிலும் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் மட்டும் பயன்படும் ப்ரோபுகளை எப்படி அனுமதிப்பது என்பதைச் சட்டத்தின் நோக்கம் கெடாமல் தீர்க்க வழி காண வேண்டும் என்பது என் கருத்து.

நோயாளியின் உறவினராக நீங்கள் அந்தப் படுக்கையருகே நிற்க நேர்ந்தால், கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு: இரண்டு கண்ணிலும் அளந்தீர்களா, இதற்கு முன் அளந்த அளவு என்ன, இப்போது கூடியிருக்கிறதா, சி.டி. என்ன சொல்கிறது, அடுத்து எப்போது மீண்டும் பார்ப்பீர்கள். அளந்தவர் இவற்றுக்குத் தயங்காமல் விடை சொல்வார். ஸ்கேன் முடிந்ததும் இமைமேல் ஒட்டிய தாளை எடுத்து, எஞ்சிய ஜெல்லை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டால் போதும். கண்ணுக்கு வேறு சொட்டு மருந்தோ கட்டோ தேவைப்படாது.